கனவுக்குக் கைதட்டல், செக்குக்கு?

போன மாதம் பேங்கில் போட்ட ஒரு செக் திரும்பி வந்துவிட்டது.

கொடுத்தது ஒரு பத்திரிகை. (பெயர் வேண்டாம். மறுபடி அங்கே எழுத வேண்டியிருக்கலாம்.) கவுன்ட்டர் அம்மணி ஒரு துண்டுச் சீட்டை செக்கோடு சேர்த்துக் குத்தி, "அக்கவுன்ட்ல பணம் இல்லை சார்" என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். வரிசையில் நின்ற நாலு பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். செக் கொடுத்தவன் எவனோ, அவமானம் வாங்கினவனுக்கு! போதாக்குறைக்கு, திரும்பி வந்ததற்கான சார்ஜை என் கணக்கிலும் பிடித்துக்கொண்டார்கள்.

அதே கடுப்போடு தாம்பரம் ரயிலில் ஏறினேன். எதையாவது பெரிசாகக் கேட்டால் மனசு ஆறும் என்று செல்போனில் மார்ட்டின் லூதர் கிங்கைப் போட்டேன். எல்லோருக்கும் தெரிந்த 'எனக்கொரு கனவு' பேச்சுதான். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபத்துப் படிகள், எதிரே இரண்டரை லட்சம் பேர். எப்போது கனவு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மனுஷன் மூணாவது நிமிஷத்துக்குள் செக்கைப் பற்றிப் பேசுகிறார்!

நிஜமாகத்தான். விஷயம் இதுதான். இந்த நாட்டை ஸ்தாபித்த பெரியவர்கள் அரசியல் சட்டத்தையும் சுதந்திரப் பிரகடனத்தையும் எழுதியபோது ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு அமெரிக்கனும் அதற்கு வாரிசு. கறுப்பர்கள் விஷயத்தில் மட்டும் அமெரிக்கா அந்தக் கடனைக் கட்டவில்லை. கையில் ஒரு செல்லாத செக்கைத் திணித்து அனுப்பியது. அது 'போதிய பணம் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் நீதியின் பேங்க் திவாலாகிவிட்டது என்று நம்ப நாங்கள் தயாரில்லை, கேட்டவுடன் கொடுக்க வேண்டிய பணத்தை வாங்கிப் போகத்தான் வந்திருக்கிறோம் என்கிறார்.

சானடோரியம் வரைக்கும் அதையே நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

பி.காம். படித்த ஆசாமிக்கு இதில் ஒரு சின்ன உறுத்தல். நம்மூர் 1881-ஆம் வருஷத்து நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்படி புரோநோட்டு என்பது 4-வது பிரிவு, செக் என்பது 6-வது பிரிவு. ரெண்டும் வேறு வேறு ஜாதி. கிங் ரெண்டையும் ஒரே மூச்சில் கலக்கிவிட்டார். எங்கள் கமர்ஷியல் லா புரொபசர் கையில் கிடைத்திருந்தால் ரெண்டு மார்க் குறைத்திருப்பார். ஆனால் புரோநோட்டு வந்ததற்கு ஒரு நிஜக் காரணம் இருக்கிறது. அதே வருஷம் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத்தில் போராட்டம் நடந்தபோது ஜெயில் நிரம்பி வழிந்தது. ஜாமீன் கட்டக் காசில்லை. கிங்கின் வக்கீல் கிளாரன்ஸ் ஜோன்ஸ் நியூயார்க் போனார். அப்போது அந்த மாநில கவர்னராக இருந்த கோடீஸ்வரர் நெல்சன் ராக்ஃபெல்லர், சேஸ் மன்ஹாட்டன் பேங்கின் பெட்டகத்திலிருந்து ஒரு லட்சம் டாலர் ரொக்கமாக எடுத்துக் கொடுத்தார். ஆனால் பேங்க் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே! 'கேட்டவுடன் திருப்பித் தருகிறேன்' என்று ஜோன்ஸ் ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்தக் கடன் பிற்பாடு ரத்தாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷம் மட்டும் வக்கீலின் மனசில் தங்கிவிட்டது. கிங்கின் பேச்சுக்கு முதல் நகல் எழுதும்போது அதுவே உவமையாக வந்து உட்கார்ந்துகொண்டது என்று ஜோன்ஸே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் கனவு? அதுதான் வேடிக்கை. கையில் வைத்திருந்த காகிதத்தில் கனவே கிடையாது. முந்தின ராத்திரி ஓட்டலில் சகாக்களோடு உட்கார்ந்து பேசும்போது, "அந்தக் கனவு சமாசாரம் வேண்டாம், நீங்கள் அதை ரொம்பத் தடவை சொல்லியாகிவிட்டது" என்கிற ரீதியில் யோசனை சொன்னவர் வயட் வாக்கர் என்ற உதவியாளர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ரெண்டே மாதம் முன்பு ஜூனில் டெட்ராய்ட்டில் கிங் அதே கனவைச் சொல்லியிருந்தார். 1962 நவம்பரில் வட கரோலினாவில் ஒரு பள்ளிக்கூட ஜிம்னாஸியத்தில்கூடச் சொல்லியிருந்தார்.

ஆகவே செக்கைத்தான் தயார் பண்ணிக்கொண்டு போனார். பதினோரு, பன்னிரண்டு நிமிஷம் பெரும்பாலும் காகிதத்தைப் பார்த்தே படித்தார். அருமையான பேச்சுதான். ஆனால் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் ஆபீஸ் ரிப்போர்ட் வாடை அடிக்கும். அப்போது பின்னால் இருந்து பாடகி மஹாலியா ஜாக்ஸன், "மார்ட்டின், அந்தக் கனவைச் சொல்லு!" என்று குரல் கொடுத்ததாக ஜோன்ஸ் சொல்கிறார். கிங் காகிதத்தை ஓரம் கட்டினார். அதுவரைக்கும் படித்துக்கொண்டிருந்தவர் பாட ஆரம்பித்துவிட்டார். கறுப்பர்களின் சர்ச்சில் பாதிரியார் ஒரு வரி சொல்ல, கூட்டம் ஒரு வரி எடுத்துக்கொடுக்கும். அந்தப் பழக்கம் இரண்டரை லட்சம் பேரோடு வெட்டவெளிக்கு வந்துவிட்டது.

இந்த மஹாலியா அம்மையாருக்கு அன்றைக்கு இன்னொரு வேலையும் தெரியாமல் ஒதுக்கப்பட்டிருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் மைக் செட்டை யாரோ புண்ணியவான்கள் நாசம் பண்ணிவிட, ராணுவத்து ஆட்கள் வந்து சரிசெய்து கொடுத்தார்கள். கூடவே கென்னடி அரசாங்கம் ஒரு முன்ஜாக்கிரதையும் செய்து வைத்திருந்தது. எவராவது மேடையில் எசகுபிசகாகப் பேசினால் மைக்கை அணைத்துவிட்டு ஒரு இசைத்தட்டைப் போட வேண்டும் என்று ஏற்பாடு. யாருடைய இசைத்தட்டு? மஹாலியா ஜாக்ஸனுடையது!

எசகுபிசகாகப் பேசக்கூடியவர் என்று பெரியவர்கள் பயந்தது கிங்கைப் பார்த்து அல்ல. 23 வயசு ஜான் லூயிஸைப் பார்த்து. மாணவர் அமைப்பின் தலைவர். அவர் எழுதி வந்த பேச்சில், கென்னடி கொண்டு வரும் சிவில் உரிமை மசோதாவை எங்களால் மனசார ஆதரிக்க முடியாது, அது ரொம்பக் கொஞ்சம், ரொம்ப லேட் என்று இருந்தது. உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களைச் சுட்டெரித்துக்கொண்டு போன ஜெனரல் ஷெர்மன் மாதிரி நாங்களும் நடப்போம் என்றும் இருந்தது. வாஷிங்டன் ஆர்ச்பிஷப், இது இருந்தால் நான் மேடைக்கே வரமாட்டேன் என்று அடம் பிடித்தார்.

ஆபீஸில் நீங்கள் எழுதிய நோட்டை மேலே மூன்று பேர் திருத்தி, கடைசியில் உங்கள் கையெழுத்து மட்டும் உங்களுடையதாக மிஞ்சிய அனுபவம் இருக்கிறதா? லூயிஸுக்கு அது லிங்கன் சிலைக்குப் பின்னால் நடந்தது. ஒரு சின்ன டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு, முன்னால் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே திருத்தினார்கள். அவரைக் கடைசியில் இறங்கி வரவைத்தவர் ஃபிலிப் ரண்டால்ஃப். 74 வயது தொழிற்சங்கத் தலைவர். 1941-லேயே இப்படி ஒரு ஊர்வலம் நடத்தப் போவதாக அறிவித்து ரூஸ்வெல்ட்டையே உத்தரவு போடவைத்தவர். இந்த நாளுக்காக 22 வருஷமாகக் காத்திருக்கிறேன், எனக்காக ஒத்துக்கொள்ளேன் தம்பி என்கிற மாதிரி கெஞ்சினாராம். 23 வயசு என்ன பண்ணும்? ஒத்துக்கொண்டது. அப்படியும் அன்றைக்கு இருந்தவற்றில் காரமான பேச்சு அதுதான்.

(அன்றைய முக்கியப் பேச்சாளர்கள் வரிசையில் ஒரு பெண்கூடக் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெய்ஸி பேட்ஸுக்கு ரெண்டு வார்த்தை பேசக் கிடைத்தது, அதுவும் வர முடியாத இன்னொரு பெண்ணுக்குப் பதிலாக.)

ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, அந்தப் பேச்சைத் தமிழில் பண்ணிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். வேலை வெட்டி இல்லாதவனுக்கு வேறென்ன? முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். இங்கிலீஷ்காரனுக்கு 'வீ' என்று ஒரே வார்த்தை. நமக்கு அப்படி இல்லை. 'நாம்' என்றால் கேட்கிறவனும் உள்ளே. 'நாங்கள்' என்றால் அவன் வெளியே. எதைப் போடுவது?

போட்டுப் பார்த்தால்தான் புரிகிறது. செக் வருகிற இடத்தில் 'நாம் பணம் வாங்க வந்திருக்கிறோம்' என்று எழுதினால் அபத்தம். கடன்காரனையும் சேர்த்துக்கொண்டு யாரிடம் வசூல் பண்ணுவது? அங்கே 'நாங்கள்'தான். கனவு வருகிற இடத்தில் 'நாங்கள்' போட்டால் பேச்சே செத்துவிடுகிறது. வெள்ளைக்காரப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் கைகோத்து நிற்கிற இடம் அது. அங்கே 'நாம்'. ஒரே பேச்சில், ஒரே வார்த்தையில், மனுஷன் கட்சி மாறியிருக்கிறார்! இங்கிலீஷில் கேட்டவர்களுக்கு அந்த மாற்றம் காதில் தட்டியே இருக்காது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய பேச்சுக்களுக்குப் போனேன்.

ஃபிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி ஓடி வந்தவர். தான் பிறந்த தேதிகூட அவருக்குத் தெரியாது. 1852-ல் ராச்செஸ்டர் ஊர்ப் பெண்கள் நடத்திய அடிமை ஒழிப்புச் சங்கம் சுதந்திர தினப் பேச்சுக்கு அவரைக் கூப்பிட்டது. ஜூலை 4-க்குப் பதில் 5-ஆம் தேதி பேசினார். அப்போது அவருக்குச் சுமார் 34 வயது. (கிங்குக்கும் 1963-ல் 34. நமக்கெல்லாம் அந்த வயதில் இன்க்ரிமென்ட் கவலை.) காரிந்தியன் ஹால் என்ற அரங்கத்தில் ஐந்நூறு, அறுநூறு பேர், காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவர்கள். மைக் கிடையாது. பத்தாயிரம் வார்த்தைக்குப் பக்கமான பேச்சு, ரெண்டு மூணு வாரம் உட்கார்ந்து எழுதியது.

டக்ளஸின் தந்திரம் எதிலிருக்கிறது தெரியுமா? 'உங்கள்' என்ற ஒரு சொல்லில். ஆரம்பத்தில் நாட்டை ஸ்தாபித்தவர்களைப் புகழோ புகழ் என்று புகழ்கிறார். ஆனால் அவர்கள் 'உங்கள்' தகப்பன்மார்கள். சுதந்திரம் 'உங்கள்' சுதந்திரம். பண்டிகை 'உங்கள்' பண்டிகை. கேட்கிறவர்கள் தலையாட்டிக்கொண்டே வருகிறார்கள். கல்யாண வீட்டில் 'உங்க வீட்டுச் சாப்பாடு பிரமாதம்' என்று பத்துத் தடவை சொல்கிற விருந்தாளி ஏதோ ஒன்றை மனசில் வைத்திருக்கிறான் என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? சட்டென்று திரும்புகிறார். நீங்கள் கொண்டாடும் இந்த நாள் அடிமைக்கு என்ன நாள் என்று கேட்டு, அதற்குமேல் ஒரு பத்து நிமிஷம் பிரித்து மேய்கிறார். இத்தனைக்கும் உட்கார்ந்திருந்தவர்கள் எதிரிகள் இல்லை. அடிமைத்தனம் தப்பு என்று நினைக்கிற நல்லவர்கள்!

அந்த நல்லவர்கள் பலமாகக் கைதட்டி, அச்சுப் பிரதிக்கு அங்கேயே எழுநூறு பேர் பெயர் கொடுத்தார்கள். பலன் என்று பார்த்தால், அடுத்த நாள் ஒன்றும் நடக்கவில்லை. தப்பி ஓடிய அடிமையைப் பிடித்துக் கொடுப்பது கடமை என்கிற 1850-ஆம் வருஷத்துச் சட்டம் அப்படியே இருந்தது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிய இன்னும் 13 வருஷமும் ஒரு உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டன.

டக்ளஸ் 1895 பிப்ரவரியில் இறந்து போனார். அதே வருஷம் செப்டம்பரில் அட்லாண்டாவில் ஒரு பருத்திப் பொருட்காட்சி. கறுப்பர்களுக்குத் தொழிற்கல்வி கொடுத்துக்கொண்டிருந்த புக்கர் வாஷிங்டன் பேசினார். வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபை. அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். பழக்க வழக்கத்தில் விரல்கள் மாதிரித் தனித்தனியாக இருக்கலாம், முன்னேற்றத்துக்கு வேண்டியதில் கை மாதிரி ஒன்றாக இருக்கலாம் என்றார். பாக்கி வசூல் பற்றிப் பேச்சே இல்லை. இருக்கிற இடத்திலேயே உழைத்து முன்னேறுவோம், அவ்வளவுதான். சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. பேப்பர்கள் புகழ்ந்து தள்ளின. பிற்பாடு அவரைக் கடுமையாக விமரிசித்த டு பாய்ஸ்கூட முதலில் பாராட்டிக் கடிதம் போட்டார்.

எட்டே மாதம். 1896 மே மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி வைப்பது சட்டப்படி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. கையையும் விரலையும் பார்த்துவிட்டு ஜட்ஜுகள் எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன், அந்த வழக்கு அதற்கு முன்பே கோர்ட்டில் இருந்தது. ஆனால் கைதட்டலை வைத்து எதையும் எடை போட முடியாது என்பதற்கு எனக்கு இது போதும்.

கைதட்டலே வாங்காத ஒரு பேச்சுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இத்தனை பேச்சிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

1964 ஆகஸ்ட் 22. அட்லாண்டிக் சிட்டியில் டெமாக்ரடிக் கட்சி மாநாடு. மிஸிஸிப்பி மாநிலத்திலிருந்து வெள்ளையர்கள் மட்டும் பிரதிநிதிகளாக வந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பதில் எங்களை உட்கார வையுங்கள் என்று இன்னொரு கோஷ்டி வந்திருந்தது. தகுதி பார்க்கும் கமிட்டி முன்னால் சாட்சி சொல்ல ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மாள் உட்கார்ந்தார். இருபது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. ஆறு வயசிலிருந்து பருத்தி எடுத்தவர். கையில் காகிதம் கிடையாது. அவர் பேச்சை எப்படி ஆரம்பித்தார் என்று நினைக்கிறீர்கள்? தன் பெயர், தெரு, வீட்டு நம்பர், ஊர், ஜில்லா. தாலுக்கா ஆபீஸில் மனு கொடுக்கிற மாதிரி! அதோடு, எங்கள் ஜில்லாதான் இந்த செனட்டருடைய சொந்த ஜில்லா என்று ஒரு சொருகல்.

எட்டு நிமிஷம். 1962 ஆகஸ்டில் ஓட்டர் லிஸ்டில் பெயர் சேர்க்கப் போனதைச் சொன்னார். பண்ணை முதலாளி, பெயரை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வெளியே போ என்றார். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இடம். உங்களுக்காகப் பெயர் கொடுக்கவில்லை, எனக்காகக் கொடுத்தேன் என்று பதில் சொல்லிவிட்டு அன்று ராத்திரியே வெளியேறினார். அடுத்த வருஷம் ஜூனில் வினோனா என்ற ஊர் ஜெயிலில், போலீஸ் உத்தரவுப்படி மற்ற கைதிகளைவிட்டே அவரைக் குப்புறப் படுக்கவைத்து அடித்தார்கள். எத்தனை பேர், எதனால் அடித்தார்கள், அடிக்கும்போது விலகின துணியை இழுத்து விட்டுக்கொண்டபோது என்ன செய்தார்கள் என்பதைக்கூட அதே குரலில் சொன்னார். உவமை, அலங்காரம் எதுவும் இல்லை.

டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஜான்ஸனுக்கு வியர்த்தது. தென் மாநில ஓட்டுப் போய்விடுமே! அவசர அவசரமாக நிருபர்களைக் கூப்பிட்டார். கேமராக்கள் அங்கே ஓடின. துணை ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கப் போகிறார் என்று எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, கென்னடி சுடப்பட்டு இன்றோடு ஒன்பது மாதம் ஆகிறது என்று நினைவூட்டினார்! அந்த அம்மாளைத் திரையிலிருந்து அகற்ற வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். டி.வி.க்காரர்களுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. ராத்திரி, நாடே சாப்பிட்டு முடித்து டி.வி. முன்னால் உட்காரும் நேரத்தில், முழுசாகப் போட்டுக் காட்டினார்கள். பகலில் பார்த்திருப்பவர்களைவிட எத்தனையோ மடங்கு பேர் பார்த்தார்கள். ஜான்ஸன் செய்து கொடுத்த விளம்பரம்!

ஆனாலும் மாநாட்டில் அவர்களுக்குக் கொடுக்க முன்வந்தது ரெண்டே ரெண்டு சீட். அறுபது பேருக்கு மேல் வந்தவர்களுக்கு ரெண்டு சீட். பெரிய தலைவர்கள் பலர் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இந்த ரெண்டு சீட்டுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஹேமர் மறுத்துவிட்டார். அவருடைய 'வீ'யைத் தமிழில் போட எனக்கு யோசனையே வரவில்லை. 'நாங்கள்'.

1965 மார்ச்சில் ஸெல்மா பாலத்தில் ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிஸிஸிப்பியில் அதற்கு முன் ஓட்டர் லிஸ்டில் இருந்த கறுப்பர்கள் நூற்றுக்கு 6.7. ரெண்டு வருஷத்தில் 59.8. இதைத்தான் பி.காம். பாஷையில் செக் பாஸாவது என்பது.

பின்னால் வந்த தலைமுறையைப் பார்க்க வேண்டுமே. ஒபாமா. 2004 ஜூலையில் பாஸ்டன் மாநாட்டில் பேசி ஒரே ராத்திரியில் பிரபலமானவர். குரல், நிறுத்தம், ஏற்ற இறக்கம் எல்லாம் கறுப்பர் சர்ச்சிலிருந்து எடுத்தது. வாதம் சட்டக் கல்லூரியிலிருந்து எடுத்தது. 2008-ல் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்திய தேதி ஆகஸ்ட் 28. தற்செயலாகக் கிங்கின் தேதியிலேயே அமைந்துவிட்டது. 2015 மார்ச்சில், ஸெல்மா பாலத்தின் 50-வது வருஷத்தில், ஜான் லூயிஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். நமது ஜனநாயகத்திலேயே சக்தி வாய்ந்த ஒற்றை வார்த்தை 'வீ' என்றார்.

எந்த 'வீ' சார்?

'நாம்'தான். அவருக்கு வேறு வழி இல்லை. ஓட்டுக் கேட்டு ஜெயித்து, பேங்க் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று 'எங்கள் பணம் எங்கே?' என்று கத்த முடியாது. டக்ளஸின் 'உங்க'ளை அவர் வாயில் வைத்தால் அடுத்த நாளே ஆட்சி ஆட்டம் காணும். அழகான பேச்சுதான், நான் ரசித்தே கேட்டேன். ஆனால் அந்தப் பாலத்தில் ரத்தம் சிந்தி வாங்கிய வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பிரிவு ஒன்றைச் செயல்பட முடியாமல் சுப்ரீம் கோர்ட் முடக்கியது 2013 ஜூனில். அவர் நாற்காலியில் இருந்தபோதுதான். ரெண்டு மாதம் கழித்து, கிங் பேச்சின் ஐம்பதாவது ஆண்டு விழாவில் அதே படிகளில் நின்று அதைப் பற்றிக் கோபமாகப் பேசினார் 73 வயது லூயிஸ். 1963 மேடையின் முக்கியப் பேச்சாளர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். இந்தத் தடவை திருத்த யாரும் டைப்ரைட்டரோடு வரவில்லை.

லூயிஸ் 2020 ஜூலையில் காலமானார். அந்த வருஷம் அமெரிக்காவைத் தெருவுக்கு இழுத்தது பேச்சே அல்ல. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்தியதை ஒரு 17 வயசுப் பெண் செல்போனில் எடுத்த படம். வர்ணனையும் கிடையாது, உவமையும் கிடையாது. ஹேமரின் வாரிசு யார் என்று என்னைக் கேட்டால் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன்.

மறுபடி கிங். 1963 பேச்சு முடிந்து ரெண்டாம் நாள், எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர், நாட்டிலேயே ஆபத்தான கறுப்பர் இவர்தான் என்று குறிப்பு எழுதினார். பதினெட்டாம் நாள் பர்மிங்ஹாமில் ஒரு சர்ச்சில் குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்கள். 1966-ல் காலப் கணிப்பில் 63 சதவீத அமெரிக்கர்கள் கிங்கைப் பிடிக்கவில்லை என்றார்கள். செத்த பிறகு பிடித்துவிட்டது. அவர் பிறந்த நாளுக்கு 1986 முதல் தேசிய விடுமுறை. விடுமுறைக்கு விடுமுறை டி.வி.யில் கனவு ஓடுகிறது. இட ஒதுக்கீடு வேண்டாம் என்று சொல்கிறவர்கள்கூட அந்தக் கனவிலிருந்தே ஒரு வரியைப் பிய்த்து மேற்கோள் காட்டுகிறார்கள். செக்கை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அந்த ஊர்வலத்தின் முழுப் பெயரே 'வேலைக்கும் விடுதலைக்குமான ஊர்வலம்'. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. அப்போது இருந்தது 1 டாலர் 15 சென்ட்.

1963-ல் அவர் காகிதத்தை என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பேச்சு முடிந்து இறங்கும்போது, தொண்டராக நின்ற ஜார்ஜ் ராவலிங் என்ற கூடைப்பந்தாட்டக்கார இளைஞர், 'அதை எனக்குத் தர முடியுமா?' என்று கேட்டார். கொடுத்துவிட்டார். மூணு பக்கம். ராவலிங் அதை வருஷக்கணக்காகப் பத்திரமாக வைத்திருந்தார், லட்சக்கணக்கான டாலருக்குக் கேட்டும் விற்கவில்லை. 2021-ல் தான் படித்த வில்லனோவா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். கனவைத் தேடி அந்தப் பக்கங்களைப் பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

நடுவில் ஒரு பேச்சை வேண்டுமென்றே தாண்டி வந்தேன். 1968 ஏப்ரல் 3, மெம்ஃபிஸ். ரெண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் அரைவை இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போனதற்குப் பிறகு, 1,300 பேர் வேலைநிறுத்தம். கிங்குக்கு உடம்பு சரியில்லை. வெளியே புயல், இடி. நான் வரவில்லை, நீ பேசு என்று நண்பர் அபர்நாதியை அனுப்பிவிட்டு ஓட்டலில் படுத்துவிட்டார். அபர்நாதி போய்ப் பார்த்துவிட்டு, 'கூட்டம் உங்களைத்தான் கேட்கிறது, கிளம்பி வாங்க' என்று போன் பண்ணினார். வந்தார். காகிதம் எதுவும் இல்லாமல் பேசினார். அதிலும் எல்லோரும் நினைவு வைத்திருப்பது கடைசி ரெண்டு நிமிஷத்தைத்தான். மலை உச்சிக்குப் போய் வந்தேன், அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன் என்று சொல்லி உட்கார்ந்த இடம்.

அதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். கோக் வாங்காதீர்கள். இன்ன கம்பெனி பால் வாங்காதீர்கள். இன்ன கம்பெனி ரொட்டி வாங்காதீர்கள். ஊருக்குள் இருக்கிற பேங்குகளிலிருந்து உங்கள் டெபாசிட்டை எடுத்து, கறுப்பர்கள் நடத்தும் ட்ரைஸ்டேட் பேங்கில் போடுங்கள். மறுபடி பேங்க்!

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டல் பால்கனியில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

ஏப்ரல் 16-ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. சம்பளம் மே 1 முதல் மணிக்கு 10 சென்ட்டும், செப்டம்பர் 1 முதல் இன்னொரு 5 சென்ட்டும் கூடியது.

என் செக்கை நாளைக்கு மறுபடி பேங்கில் போடப் போகிறேன். மூணு மாதக் கெடு முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது.